எல்லாவற்றிலும் பெரியது: மலாய் மொழி சொல்லும் விதம்

ஒப்பிட்டுப் பேசாமல் நமக்கு ஒரு நாளும் கழிவதில்லை. வகுப்பில் உயரமானவள் யார், பாடங்களில் கடினமானது எது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ‘பிக், பிக்கர், பிக்கெஸ்ட்’ என்று மூன்று படிகளை மனப்பாடம் செய்கிறோம். தமிழிலோ சொல்லின் உருவம் மாறுவதில்லை. ‘அதைவிடப் பெரியது’, ‘எல்லாவற்றிலும் பெரியது’ என்கிறோம். கடல் கடந்த மலாய் மொழியில் எப்படி?

நம் செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரம் ஐந்து ரதங்களையே கரும்பலகையாகக் கொள்வோம். ‘பெசார்’ என்றால் பெரிய. ‘லெபிஹ் பெசார்’ என்றால் அதைவிடப் பெரிய. ‘பாலிங் பெசார்’ என்றால் எல்லாவற்றிலும் பெரிய. சொல் மாறவில்லை, முன்னால் ஒரு சொல் சேர்ந்தது, அவ்வளவே! ஐந்தில் உயர்ந்தது தர்மராஜ ரதம். அது ‘பாலிங் திங்கி’. நீண்டது பீம ரதம். அது ‘பாலிங் பாஞ்சாங்’. சிறியது திரௌபதி ரதம். அது ‘பாலிங் கெச்சில்’.

இரண்டாவது வழியும் உண்டு. ‘தெர்’ என்னும் முன்னொட்டைச் சேர்த்து ‘தெர்பெசார்’, ‘தெர்திங்கி’, ‘தெர்கெச்சில்’ என்றாலும் அதே பொருள்தான். ஆனால் இங்கே கவனம் வேண்டும். ‘பாலிங் தெர்பெசார்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது பிழை. மேலும், ‘மெனாரிக்’ (கவர்ச்சியான) போன்று ஏற்கெனவே முன்னொட்டுப் பெற்ற சொல்லோடு ‘தெர்’ சேராது. ‘பாலிங் மெனாரிக்’ என்றே சொல்ல வேண்டும். வினைச்சொல்லோடு ‘தெர்’ சேர்ந்தால் பொருளே வேறாகும். ‘திடூர்’ என்றால் தூங்கு. ‘தெர்திடூர்’ என்றால் தன்னை அறியாமல் தூங்கிவிடுதல். ‘எல்லாரிலும் நன்றாகத் தூங்குபவர்’ என்று நினைத்துவிடக் கூடாது!

இவை வெறும் இலக்கண வேடிக்கையல்ல. மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் நம் வயதுத் தோழியர் இம்மொழியையும் கற்றே ஆக வேண்டும். அங்கே பள்ளி இறுதித் தேர்வில் மலாய் மொழியில் தேறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது. மற்றப் பாடங்களில் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் பயனில்லை. ஒரு சிறு ‘தெர்’ அவர்களுக்கு எவ்வளவு பெரிது!

அம்மொழி நமக்கு முற்றிலும் அந்நியமுமன்று. நம் கப்பல் அங்கே ‘காப்பால்’, கடை ‘கெடாய்’, கட்டில் ‘காத்தில்’, பெட்டி ‘பெத்தி’. முன்னோர் கடல் வழியே சென்று வணிகம் செய்ததன் அடையாளங்கள் இவை. அடுத்த முறை ஐந்து ரதங்களைக் காணச் செல்லும்போது, எது ‘பாலிங் திங்கி’, எது ‘பாலிங் கெச்சில்’ என்று தம்பி தங்கையரைக் கேட்டுப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு பாடம் படித்ததாகும்.