வானில் கடக்கும் எல்லை



சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் புறப்படுபவர் ஐந்தரை அல்லது ஆறு மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடுகிறார். நம் முன்னோர்களோ பம்பாயில் கப்பலேறி, ஒரு வாரத்திற்கும் மேலாகக் கடலில் கழித்த பின்னரே அக்கரையைக் கண்டனர். அந்த ஹஜ் கப்பல் பயணம் 1995 ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

கப்பலில் சென்றவர்களுக்கு யலம்லம் எல்லை நெருங்குமுன் குளிக்கவும், இஹ்ராம் உடுத்தவும், அறியாதவற்றை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியவும் நாட்கள் இருந்தன. விமானப் பயணிக்கு அந்த அவகாசம் இல்லை. ஹஜ், உம்ராவை நாடிச் செல்பவர் இஹ்ராமின்றிக் கடக்கலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த மீகாத் எல்லையை, ஜித்தாவில் இறங்குவதற்குச் சுமார் அரைமணி நேரத்திற்கு முன்பே விமானம் தாண்டிவிடுகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஒரே நிமிடத்தில் 15 கிலோமீட்டரைக் கடக்கிறது. சற்றே கண்ணயர்ந்தால் எல்லை பின்னே போய்விடும்!

கடிகாரமும் நம்மை ஏமாற்றக்கூடும். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. காலை 8 மணிக்குப் புறப்படும் விமானம் ஐந்தரை மணி நேரம் பறந்து, அந்நாட்டு நேரப்படி 11 மணிக்கே இறங்கும். பயணச்சீட்டைப் பார்ப்பவருக்கு மூன்று மணி நேரப் பயணமாகத் தோன்றும். மீகாத் வரும் நேரமோ அந்நாட்டுக் கணக்கில் சுமார் 10.30, நம் கைக்கடிகாரத்தில் பிற்பகல் 1 மணி.

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர், இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டார். மீகாத் நெருங்குவதாக அறிவிப்பு வந்தபோது பெட்டி விமானத்தின் அடித்தளத்தில் இருந்தது! ஜித்தாவில் இறங்கிய பிறகே இஹ்ராம் கட்டினார். மீகாத்திற்குத் திரும்பிச் செல்ல இயலாமையால், ஆலிம்களின் தீர்ப்புப்படி பரிகாரமாக ஓர் ஆட்டை அறுத்துப் பலியிட்டார். ஆடு கொடுத்தது அவருக்குப் பாரமாக இல்லை. வாழ்நாளெல்லாம் காத்திருந்த பயணத்தின் முதற்படியிலேயே தவறினோமே என்பதுதான் இன்றும் அவர் நெஞ்சை அறுக்கிறது.

ஆகவே, நேராக ஜித்தா செல்வோர் வீட்டிலோ விமான நிலையத்திலோ குளித்து, ஆண்கள் இஹ்ராம் துணியை உடுத்திக்கொள்ளுங்கள். பெண்களுக்கு வழக்கமான, உடல் மறைக்கும் ஆடையே போதுமானது. அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்து தல்பியா கூறுங்கள். உறங்கிவிடுவோம் என அஞ்சுபவர் விமானம் ஏறியதுமே நிய்யத் செய்துகொள்ளலாம். முதலில் மதீனா செல்வோருக்கு இந்த அவசரமில்லை. அவர்கள் அங்கிருந்து மக்கா புறப்படுகையில் துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டலாம்.

விமானம் தூரத்தைச் சுருக்கிற்று. நம் கடமையைச் சுருக்கவில்லை. கப்பல் தந்த அவகாசத்தை இனி நாம் வீட்டிலேயே தேடிக்கொள்ள வேண்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அவ்வில்லத்தை முறையோடு சென்றடையும் பாக்கியத்தை நல்குவானாக! ஆமீன்.