நீர்க்கடுப்பும் மாத்திரைக் கணக்கும்



பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறோம். கழிப்பிடத்தில் கூட்டம் என்று சிறுநீரை அடக்குகிறோம். அதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. இரண்டு நாள் கழித்து நீர் கடுக்கிறது. "நடந்த சூடு, வேறொண்ணுமில்லே" என்று இளநீர் குடிக்கிறோம். குடிக்கலாம், தவறில்லை. ஆனால் எரிச்சலோடு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நீர் பிரிந்தால், அது பெரும்பாலும் கிருமியின் வேலை.

குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமியே பெரும்பாலும் காரணம். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை. ஆகவே கிருமி எளிதில் பைக்குள் ஏறிவிடுகிறது.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

இதற்கு டாக்டர்கள் பெரும்பாலும் தரும் மருந்து நைட்ரோபியூரன்டாயின். மெதுவாகக் கரையும் வகையானால் பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள். மொத்தம் பத்து. நேரம் ஆக ஆகச் சிறுநீரில் மருந்து குறையும். எனவேதான் 12 மணிக்கு ஒரு தரம். சாப்பாட்டோடு சாப்பிட்டால் குமட்டல் குறையும், மருந்தும் நன்றாகச் சேரும். நீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம்.

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே வேளைதானே, எனக்கு ஏன் 5 நாள்?" என்று கேட்பார்கள். அவர் குடித்தது பாஸ்போமைசின் தூள், 3 கிராம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு கணக்கு.

இரண்டாம் நாளே எரிச்சல் நின்றுவிடும். "சரியாப் போச்சு" என்று மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள். மீதியிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கலாம். எடுத்து வைத்ததை மகளுக்கோ மாமியாருக்கோ கொடுப்பதும் ஆபத்து. டாக்டர் சொன்ன நாளுக்குக் குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். பட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்

* குளிர்சுரம், விலாவலி, வாந்தி உள்ளவர்கள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம்; அதற்கு இந்த மாத்திரை போதாது.
* கர்ப்பிணிகள். கவனிக்காவிட்டால் குறைமாதப் பிரசவம் நேரலாம். பிரசவம் நெருங்கியவர்களுக்கு நைட்ரோபியூரன்டாயின் ஆகாது. கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.
* குழந்தைகள், ஆண்கள், சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்.

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அளவான மருந்து, ஆரோக்கியமான குடும்பம்!