வளைந்த ஏர் ஃபில்டர் பெட்டி: பழைய கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

சர்வீஸ் முடிந்து காரை எடுக்கும்போது பில்லில் ‘ஏர் ஃபில்டர் கிளீனிங்’ என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதுகூட இல்லை. ஃபில்டரை வெளியே எடுத்து, காற்றடித்து, திரும்ப வைத்து மூடியைப் போடுகிற ஐந்து நிமிட வேலை அது. ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய காரில் அந்த மூடி பல நேரம் சரியாக உட்காருவதில்லை. சூட்டில் பிளாஸ்டிக் வளைந்திருக்கும். நாலு கிளிப்பில் ஒன்று உடைந்திருக்கும். “டை போட்டு இழுத்துக் கட்டிட்டேன் சார், ஒண்ணும் ஆகாது” என்பார் மெக்கானிக். காரும் வழக்கம்போல ஓடும். உள்ளே நடக்கிற சேதம் வெளியே தெரிவதற்குள், சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிக்கும் அளவுக்குப் போயிருக்கும்.

பெட்டியின் வேலை என்ன?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்றை எஞ்சின் உறிஞ்சுகிறது. நம் சாலைகளில் அந்தக் காற்றோடு மணல் தூள், சிமென்ட் தூசு, டயர் துகள் எல்லாம் வரும். அவற்றைத் தடுப்பது ஃபில்டர் காகிதம். ஆனால் காற்று முழுவதையும் அந்தக் காகிதத்தின் வழியாகவே போக வைப்பது பெட்டிதான். காகிதத்தைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பை அடிப்பாகமும் மூடியும் சேர்ந்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி ஓரிடத்தில் தளர்ந்தாலும், காற்று தடை குறைந்த அந்த வழியைத்தான் தேடும். புது ஃபில்டர் போட்டும் பயன் இருக்காது.

ஏன் வளைகிறது?

பெரும்பாலான பெட்டிகள் பாலிபுரோப்பிலீனால் ஆனவை. அது உருகுவதற்கு 160 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்றாலும், இழுத்துப் பிடித்த நிலையில் நெடுநாள் சூடு பட்டால் அதற்கு வெகு முன்பே வளைந்துகொடுக்கும். சில சின்ன கார்களில் பெட்டி எஞ்சினுக்கு நேர் மேலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால், பானெட்டுக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறத்தான் செய்யும். வெயிலில் நிற்கிற காருக்கு இது தினப்படி நடக்கிறது.

சூடு மட்டும் காரணமில்லை. கிளிப் ஒன்று போனால் மற்றவை இழுக்கிற பக்கம் மூடி கோணிக்கொள்ளும். அளவு பொருந்தாத தடித்த ஃபில்டரை வைத்து மூடியை அழுத்தினாலும் இதே கதிதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேல் இருக்கும் தகரத் தடுப்பைக் கழற்றிய மெக்கானிக் திரும்பப் போடாமல் விட்டிருக்கலாம். கேஸ் கிட் பொருத்திய கார்களில் பேக்ஃபயர் அடித்து மூடி பிளப்பது பழகிப்போன சங்கதி. எலி கடிப்பதும் உண்டு. காரணத்தைக் களையாமல் பெட்டியை மட்டும் மாற்றினால், புதுப் பெட்டியும் அதே வழியில்தான் போகும்.

ஆபத்து எங்கே?

முதல் ஆபத்து தூசு. மணலில் இருக்கிற சிலிக்கா எஞ்சின் ஆயிலோடு கலந்து, சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போட்டதுபோலத் தேய்க்கும். கம்ப்ரெஷன் குறையும், வண்டி இழுக்காது. இரண்டு சர்வீஸுக்கு இடையில் ஆயில் குறையும், பிறகு நீலப் புகை வரும். புகை தெரிகிற கட்டத்தில் ரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். டர்போ உள்ள டீசல் கார்களில் டர்போவின் இறக்கைகளும் அரிபடும்.

‘ஏதாவது கோளாறு என்றால் செக் எஞ்சின் விளக்கு எரியுமே’ என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது உதவாது. காற்றின் அளவைப் பார்க்கும் சென்சார் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டி இடுக்கில் புகுந்த காற்றையும் அது சேர்த்தே கணக்கிடுவதால் எரிபொருள் கலவை மாறாது. நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் அந்தச் சென்சார்கூட இல்லை, இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்தே கணக்கு நடக்கிறது. தூசு புகுவதால் மட்டும் டேஷ்போர்டில் பெரும்பாலும் ஒரு விளக்கும் எரியாது. சென்சார் கம்பியில் தூசு படிந்து ஐட்லிங் தடுமாறத் தொடங்கினால்தான் சிலருக்குச் சந்தேகமே வரும்.

இரண்டாவது ஆபத்து தண்ணீர். காற்றை இழுக்கும் குழாயின் வாய் உயரமான இடத்தில் இருக்கும்படிதான் காரை வடிவமைக்கிறார்கள். பெட்டி வளைந்தால் அந்தக் குழாய் கழன்று கீழே தொங்கலாம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னை கார்களுக்கு என்ன செய்தன என்பது நினைவிருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அது சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது.

வீட்டிலேயே பார்க்கலாம்

எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுங்கள். ரப்பர் விளிம்பில் பெட்டி அழுத்திய தடம் ஒரு கோடாகச் சுற்றிலும் பதிந்திருக்க வேண்டும். அந்தக் கோடு எங்கே மங்குகிறதோ, எங்கே அறவே இல்லையோ, அங்கேதான் இடைவெளி. அடுத்து, ஃபில்டருக்கு அப்பால் எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லேசான ஆயில் கறை இருக்கலாம். நறநறவென்று மண் ஒட்டினால் தூசு ஃபில்டரைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

எங்கே எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அறிய, மூடியின் விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வையுங்கள். ஸ்கேலுக்கும் விளிம்புக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழைந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பில் சாக்பீஸ் பொடி தடவி, மூடியைப் போட்டுத் திறந்தால், ரப்பரில் பொடி ஒட்டாத இடம் தெரியும். மூடியில் வந்து சேரும் பிரீதர் குழாயும் அதன் ரப்பர் வாஷரும் இறுக்கமாக இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சரிசெய்யும் வழிகள்

வளைவு சிறிதாக இருந்தால் நிமிர்த்தலாம். பெட்டியைக் காரிலிருந்து முழுதாகக் கழற்றி, சென்சாரையும் ஃபில்டரையும் நீக்கிவிடுங்கள். வளைந்த விளிம்பைக் கொதிநிலையை நெருங்கிய வெந்நீரில் சில நிமிடம் அமிழ்த்தி வைத்தால் பிளாஸ்டிக் இளகும். உடனே சமமான பலகையில் வைத்து, மேலே இன்னொரு பலகையால் அழுத்தி, கிளாம்ப் போட்டு, முழுக்க ஆறும்வரை விட்டுவிட வேண்டும். பாதிச் சூட்டில் எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்பும். லைட்டர், கேஸ் அடுப்பு போன்ற நெருப்பு வேண்டாம். ஹீட் கன் என்றால் குறைந்த சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே பிடிக்க வேண்டும். காருக்குள் பெட்டி இருக்கும்போது, பெட்ரோல் குழாய் பக்கத்தில், இந்த வேலையைச் செய்யவே கூடாது. நிமிர்த்திய பெட்டியைச் சாக்பீஸ் வைத்து மறுபடி சோதித்த பிறகே பொருத்துங்கள். ஒரு மாதம் கழித்தும் ஒருமுறை பாருங்கள், சில பெட்டிகள் மீண்டும் வளையும்.

விரிசல் என்றால் பசை வேண்டாம். பாலிபுரோப்பிலீனில் எபாக்சியும் சூப்பர் க்ளூவும் பிடிக்காது. சில நாளில் உரிந்து வரும், உரிந்த துண்டு எஞ்சினுக்குள் போகலாம். சிலிக்கான் பேஸ்ட்டைச் சுற்றிலும் பூசி ஒட்டுவதும் தப்பு. சில வகை சிலிக்கான் ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும், அடுத்த சர்வீஸில் மூடியைத் திறக்கவும் முடியாது. பம்பர் வெல்டிங் செய்யும் பட்டறைகளில் அதே வகை பிளாஸ்டிக் கம்பியை வைத்து ஒட்டுவார்கள். எந்த வகை என்பது பெட்டியின் உட்பக்கத்தில் அச்சாகியிருக்கும்: ‘பி.பி.’ என்றால் பாலிபுரோப்பிலீன், ‘பி.ஏ.’ என்றால் நைலான். கிளிப் மட்டும் போயிருந்தால் கிளிப்பை மாற்றினால் போதும். விளிம்பே சிதைந்திருந்தால் பெட்டியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பாகம் வாங்கும்போது

புதுப் பாகம் என்றால் பொட்டலத்தின் மேல் அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, புகாருக்கான தொடர்பு விவரம் இருக்க வேண்டும். இது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்வது. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. ஆன்லைனில் வாங்கிய பாகம் பொருந்தாவிட்டால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

பழைய மாடலுக்குப் பலர் சென்னை புதுப்பேட்டையில் உள்ள பழைய உதிரிபாகக் கடைகளுக்குத்தான் போகிறார்கள். போவதில் தவறில்லை. ஆனால் அங்கேயும் மூடியை அடிப்பாகத்தோடு சேர்த்து வாங்குங்கள், ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மாடல், தொகை, தேதி எழுதிய சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

“இந்த மாடலுக்குப் பாகம் வெளியே கிடைக்காது, எங்களிடம்தான் வர வேண்டும்” என்று கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் சொல்வது புதிதல்ல. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்க விடாததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்த்த நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

பட்டறை கெடுத்தால்

மூடியை முரட்டுத்தனமாகத் திறந்து கிளிப்பை உடைத்துவிட்டு, சொல்லாமல் டை போட்டுக் கொடுப்பது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் இழப்பீடு கேட்கலாம். பில் தராமல் இருப்பதும் அச்சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே.

முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், இணையம் வழியாகவும் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

மனு நிற்பது ஆதாரத்தில். வண்டியை விடும்போதே பானெட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டியைப் போட்டோ எடுங்கள். ஜாப் கார்டில் ‘பெட்டி நன்றாக உள்ளது’ அல்லது ‘கிளிப் ஒன்று இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். தேவைப்பட்டால் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தூக்கிப் போட்டுவிட்ட பாகத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இன்ஷூரன்ஸை நம்பி இருந்துவிட வேண்டாம். தூசால் வரும் தேய்மானத்துக்கு மோட்டார் பாலிசி பணம் தராது. விபத்தில் பெட்டி உடைந்தாலும், தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி இல்லையென்றால், பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். வெள்ளநீர் புகுந்து எஞ்சின் கெட்டால், ‘எஞ்சின் புரொடெக்ட்’ சேர்க்கை எடுத்திருந்தால்தான் பணம் வர வழியுண்டு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்போருக்கு இவை எதுவுமே கிடையாது.

அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது மூடியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ரப்பர் விளிம்பின் தடத்தை நீங்களே பாருங்கள். சரியில்லை என்றால் அன்றே சரிசெய்யுங்கள், செய்த வேலைக்குப் பில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.