விலையுள்ள வாயுவும் வீணாகும் வாயுவும்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்குகிறவருக்கு, செம்மண்ணும் மஞ்சள் மணற்பாறையும் படிப்படியாக இறங்கி, அடியில் கரும்பட்டையாகப் பழுப்பு நிலக்கரி கிடப்பதும், தொழிலாளிகள் பக்கெட் வீல் என்று அழைக்கும் ராட்சதச் சக்கரம் தன் வாளிகளால் மண்ணைச் சுரண்டிக் கன்வேயரில் கொட்டுவதும், குவித்து வைத்த கரி தானாகவே புகைந்து தீப்பற்றிவிடாதபடி அதன்மேல் தண்ணீர் பீய்ச்சப்படுவதும் நன்றாகவே தெரியும். கரியின் நுண்துளைகளில் யுகயுகமாக அடைபட்டிருந்து, மேல்மண்ணின் பாரம் நீங்கியதும் விடுபட்டு ஆகாயத்தில் கலக்கும் மீத்தேன் மட்டும் தெரியாது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஜம்புலிங்க முதலியார் 1930களில் தம் நிலத்தில் கண்ட கரிய பொருளைப் பற்றியும், 1956 நவம்பர் 14இல் ஸ்தாபிக்கப்பட்ட நிறுவனத்தைப் பற்றியும், மறு ஆண்டு மே மாதத்தில் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததைப் பற்றியும் டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். இந்த வாயுவைப் பற்றி அங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பேசவேண்டிய விஷயம்தான். ஒரு டன் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்குகிறது. யந்திரயுகத்துக்கு முன் காற்றில் நூறு கோடிக்கு 700 பங்கு என்ற அளவில் இருந்த அது, இன்று 1,900 பங்கைத் தாண்டிவிட்டது. ஆனால் அதன் ஆயுள் குறைவு. கரியமில வாயுவைப் போல நூற்றாண்டுக் கணக்கில் தங்காமல் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் சிதைந்துவிடுவதால், இன்று ஒரு கசிவை அடைத்தால் அதன் பலனை அடைத்தவரே உயிரோடிருந்து காணலாம். உலக அரசாங்கங்கள் இதன்மீது பணம் செலவிட முன்வந்ததற்கு இதுவே முதற்காரணம்.

நம் நாட்டு மீத்தேனில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, 2016ஆம் ஆண்டுக்காக இந்திய அரசு கொடுத்த கணக்கின்படி, மாட்டுத் தொழுவத்திலிருந்தும் நெல்வயலிலிருந்தும் பிற வேளாண் காரியங்களிலிருந்தும் வருவது. கோடிக்கணக்கான ஏழைக் குடியானவர்களின் பிழைப்பில் கைவைக்காமல் அதைக் குறைப்பது அரிது. எண்ணெய், எரிவாயுத் தொழிலிலோ கசிவது வால்விலும், குழாய் மூட்டிலும், கம்ப்ரஸரிலும், எரிவாயுவின் அழுத்தத்தாலேயே இயங்கி ஒவ்வொரு அசைவுக்கும் சிறிது வாயுவை வெளியே விட்டுவிடும் கட்டுப்பாட்டுக் கருவிகளிலும்தான். இவற்றை மாற்றப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. 2030 வரை உலகெங்கும் இதைச் செய்து முடிக்கும் செலவு, 2022ஆம் ஒரே ஆண்டில் அந்தத் தொழில் ஈட்டிய நிகர வருமானத்தில் 3 சதவிகிதத்துக்கும் குறைவு என்று சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டிருக்கிறது. அப்படியிருக்க, ஓட்டைக் குடத்தோடு தெருவில் வரும் பால்காரனுக்குக் குடத்தை அடைத்துக்கொள்ள ஊரார் வரிப்பணம் தருவானேன் என்று கேட்கத் தோன்றுவது நியாயமே.

அமெரிக்கா இதற்கு ஒரு கையில் பணமும் மறுகையில் பிரம்புமாகப் பதில் சொன்னது. 2022இல் நிறைவேறிய சட்டம், கசிவைக் கண்டுபிடிக்கவும் அடைக்கவும் 155 கோடி டாலர் ஒதுக்கியதோடு, வரம்புக்கு மேல் கசியவிடும் பெரிய நிலையங்கள் டன்னுக்கு 900 டாலரில் தொடங்கிக் கட்டணம் செலுத்தவேண்டும் என்றும் விதித்தது. 2023 டிசம்பரில், சொற்ப எண்ணெயே தந்து அதற்குப் பொருந்தாத அளவில் வாயுவைக் கசியவிடும் நலிந்த கிணறுகளை மூடுவதற்காக 14 மாநிலங்களுக்கு 35 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறியதும் பிரம்பு போயிற்று: 2025இல் கட்டண விதியை நாடாளுமன்றம் ரத்துச் செய்து, கட்டணத்தையே 2034க்குத் தள்ளிவைத்துவிட்டது.

கனடாவின் கதைதான் நமக்கு அதிகப் பாடமுள்ளது. தொற்றுநோய்க் காலத்தில், 2020இல், மீத்தேனைக் குறைக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கு உதவவென்று அந்நாட்டு அரசு 75 கோடி கனடிய டாலரில் ஒரு நிதி ஏற்படுத்தியது. நோக்கம் உத்தமமானது, வேலைவாய்ப்பையும் காப்பாற்றலாம், காற்றையும் காப்பாற்றலாம் என்றார்கள். 2021 நவம்பரில் அந்நாட்டின் சுற்றுச்சூழல் தணிக்கை ஆணையர் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, முதலில் நிதி பெற்ற 40 திட்டங்களில் 27, இந்தப் பணம் கிடைத்தால் தங்கள் உற்பத்தியைப் பெருக்கமுடியும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தது தெரியவந்தது. பெருகும் உற்பத்தியால் பெருகும் புகையை எவரும் கழித்துப் பார்க்கவில்லை. முன்னரே அமலிலிருந்த விதிகளால் எப்படியும் கிடைத்திருக்கவேண்டிய குறைப்பும் நிதியின் சாதனையாக எழுதப்பட்டிருந்தது. இதில் திருட்டு ஏதுமில்லை என்பதுதான் விசேஷம். அளந்து பார்த்துப் பணம் கொடுக்காமல், உத்தேசத்தைக் கேட்டுப் பணம் கொடுத்தார்கள், அவ்வளவே.

இந்தியாவும் இந்தக் காரியத்துக்குப் புதிதல்ல. மீத்தேனைப் பிடித்துச் சந்தைக்குக் கொண்டுவர 2004இல் 14 நாடுகள் கூடி அமைத்த கூட்டுறவில் நாமும் ஸ்தாபக அங்கத்தினர். 2007இல் ஓ.என்.ஜி.சி. தன் நிலையங்களின் கசிவைக் குறைக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ஜரியா நிலக்கரி வயலின் மூனிடியில், ஐ.நா. உதவியும் மத்திய அரசின் பணமும் சேர்ந்து, சுரங்க வாயுவைக் கிணறிட்டு எடுத்து மின்சாரமாக்கிக் காட்டினார்கள். ஆனால் 2021இல் கிளாஸ்கோவில் தொடங்கப்பட்ட, 2030க்குள் 30 சதவிகிதம் குறைக்கும் உலக உறுதிமொழியில் நாம் சேரவில்லை; நெல்லையும் மாட்டையும் எண்ணித் தயங்கியதில் தவறு காணமுடியாது. 2024 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 8,500 கோடி ரூபாய் அனுமதித்தது, கசிவை அடைப்பதற்கல்ல, நிலக்கரியையும் பழுப்பு நிலக்கரியையும் வாயுவாக்கும் ஆலைகளுக்கு. நெய்வேலிக் கரியிலிருந்து மெத்தனால் எடுக்கும் யோசனையும் அந்த வரிசையில் பல ஆண்டுகளாகப் பேசப்படுவதே.

தமிழ்நாட்டில் மீத்தேன் என்ற சொல்லை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தது மன்னார்குடி. நெய்வேலிக் கரிப்படுகை தெற்கே ஆழமாகச் சரிந்து காவிரி டெல்டாவின் அடியில் தொடர்கிறது. அங்கே தோண்டி எடுக்க இயலாத கரியிலிருந்து வாயுவை மட்டும் உறிஞ்சும் உரிமை 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு, 700 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த பரப்பில், வழங்கப்பட்டது. நீரின் அழுத்தமே வாயுவைக் கரியோடு ஒட்டவைத்திருப்பது. ஆகவே வாயு வேண்டுமானால் முதலில் நீரை இறைத்துக் கொட்டவேண்டும். கரிக்கு அடியிலுள்ள ஊற்று, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான விசையோடு மேல்நோக்கி முட்டுவதால், சுரங்கத் தரை பிளந்துவிடாமலிருக்க நெய்வேலியில் இரவு பகலாகப் பம்புகள் ஓடுவதைக் கேள்விப்பட்டிருந்த டெல்டா விவசாயிக்கு இதன் அர்த்தத்தை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் அத்திவெட்டியில் காலமானபோது இத்திட்டத்துக்கு எதிரான பிரசாரத்தில்தான் இருந்தார். 2015இல் மாநில அரசு திட்டத்தை நிராகரித்தது. 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளுக்கும் தடை போட்டது, பழையவை இருந்தபடியே இருக்க.

அந்த மன்னார்குடி வாயு எவ்வளவு என்று கேட்டால், ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கன அடி என்று உத்தியோக மதிப்பீடு உண்டு. விற்கவேண்டிய சரக்கு அல்லவா! நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வீணாய்ப் போவது எவ்வளவு என்று கேட்டால், சர்வதேச வழிகாட்டியிலுள்ள பொது அட்டவணையைத்தான் புரட்டவேண்டியிருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 0.3 முதல் 2 கன மீட்டர் வரை வாயு வெளிப்படலாம் என்கிறது அந்த அட்டவணை. ஆண்டுக்கு 2 கோடி டன் கரி என்று வைத்துப் பெருக்கினால், 4,000 டன் மீத்தேன் என்றும் சொல்லலாம், 27,000 டன் என்றும் சொல்லலாம். இளங்கரியில் வாயு குறைவு என்பதால் கீழ் எண்ணே பொருந்தும் என்று நம்ப இடமுண்டு, நம்பிக்கை அளவாகாது. குழாய்க் கசிவைப் போல இதை ஒரு திருகில் அடைக்கவும் முடியாது.

எண்ணெய் வயலிலும் இதே கதைதான். டெல்டாவில் இரவில் எரியும் வாயுத் தீயைப் பார்த்தவர்கள், எரிந்துவிட்டதால் தொல்லை தீர்ந்தது என்றே நினைத்திருப்பார்கள். அத்தகைய தீ 98 சதவிகித மீத்தேனை அழித்துவிடும் என்பது உலகெங்கும் கணக்குப் புத்தகங்களில் எழுதிவந்த எண். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விமானத்தில் பறந்து அளந்து 2022இல் வெளியிட்டபோது அது 91 ஆக இருந்தது.

ஆகவே நம் அரசாங்கம் இத்துறையில் பணம் செலவிடத் துணியுமானால், முதல் தவணை அடைப்பவர்களுக்கன்றி அளப்பவர்களுக்குப் போவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். டெல்டாவின் எண்ணெய், எரிவாயு வயல்களான குத்தாலத்திலும் நரிமணத்திலும் கசிவைக் கண்டறியும் காமிராவோடு வால்வு வால்வாகச் சுற்றிவர ஒரு குழு போதும். நெய்வேலியில் வேலை இன்னும் சுலபம்: கரியின் கனத்தை அறிய எப்படியும் துளையிட்டு மாதிரி எடுக்கிறார்கள், மேலே வந்த உருளையை அப்பொழுதே காற்றுப் புகாத எஃகுக் குப்பியில் அடைத்து, அதிலிருந்து கசியும் வாயுவைச் சில வாரங்கள் அளந்து குறித்தால் போதும். வாயுவை விற்க நினைக்கிறவர்கள் முதலில் செய்யும் பரிசோதனை அதுதான்.