நேத்து பேசிக்கிட்டிருந்தாரே!

“நேத்து நல்லாப் பேசிக்கிட்டிருந்தாரே டொக்டர், தேத்தண்ணிகூடக் கேட்டாரே.” பெரிய எரிகாயத்தோடு ஒருவர் படுத்திருக்கும் வார்ட்டின் வாசலில், மூன்றாம் நாள் அழுகை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ கண்டி பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவந்த குடும்பத்துக்கு ஒன்றும் விளங்குவதில்லை. நெருப்புப் பட்டது காலிலும் வயிற்றிலும். மூச்சு ஏன் முட்டுகிறது?

எரிகாயம் தோலோடு நின்றுவிடுவதில்லை. இனிக் குருதிக்குள் இறங்குவோம்.

பூட்டிய லயத்து அறைக்குள் தீப்பிடித்தால் புகையே சுவாசக் குழாயைப் புண்ணாக்கும். அது எல்லோருக்கும் தெரிந்த காரணம். ஆனால் திறந்த வெளியில் எரிந்து, ஒரு மூச்சுப் புகைகூட உள்ளே போகாதவருக்கும் நுரையீரல் கெடலாம். கெடுப்பவை அவருடைய வெண்குருதிக் கலங்கள்தான். குறிப்பாக, பாடசாலையில் நடுநிலைநாடி என்று படித்தோமே, அவை.

செத்த தோலின் சிதைவுகள் குருதியில் கலந்ததும் உடல் முழுவதும் அபாயச் செய்தி பரவுகிறது. என்பு மச்சை தன் கையிருப்பை, முற்றாத கலங்களையும் சேர்த்து, அள்ளிக் கொட்டுகிறது. சுகதேகியின் ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும் வெண்கலங்கள் 20,000ஐயும் தாண்டலாம். உடலைச் சுற்றிவரும் குருதி முழுவதும் நுரையீரல் வழியாகப் போயாக வேண்டும். அங்குள்ள மயிர்த்துளைக்குழாய்கள் பல, நடுநிலைநாடியைவிட ஒடுக்கமானவை. சாதாரண நாளில் அது உடலை நெளித்து நழுவிவிடும். உசுப்பப்பட்டதோ விறைத்துப்போய் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது; பற்றீரியாவைக் கொல்ல வைத்திருந்த நொதியங்களையும் ஒட்சிசன் நஞ்சுகளையும் அந்த இடத்திலேயே கக்குகிறது. ஒரு மைக்ரோமீற்றர்கூடத் தடிப்பில்லாத சுவர் எப்படித் தாங்கும்? நீர் கசிந்து சிற்றறைகள் நிரம்புகின்றன. 1967இல்தான் மருத்துவர்கள் இந்த மூச்சுத்திணறலைத் தனி நிலையாக விவரித்தார்கள்.

கொடுமை என்னவென்றால், நுரையீரலில் வேண்டாத சண்டை போடும் இதே கலங்கள், காயத்தில் கிருமி ஏறும்போது வழிதெரியாமல் தடுமாறுகின்றன. எண்ணிக்கை கூடியிருந்தும் நியுமோனியா வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செத்த தோலை நேரத்தோடு அகற்றி ஒட்டுத்தோல் வைத்தால் அபாயச் செய்தியின் ஊற்று அடைபடும். அதற்குமுன் சேலைன். 50 கிலோ எடையுள்ளவருக்கு உடற்பரப்பில் 30 வீதம் எரிந்திருந்தால் 4 மில்லிலீற்றர் × 50 × 30, அதாவது 24 மணித்தியாலத்துக்கு 6 லீற்றர் என்று கணக்கைத் தொடங்குவார்கள். அதில் பாதி முதல் 8 மணித்தியாலத்தில். இந்த 8 ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, எரிந்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. தோட்டத்திலிருந்து வந்து சேர 3 மணித்தியாலம் போனால் மிச்சம் 5தான். ஆகவே எத்தனை மணிக்கு எரிந்தது என்பதைக் கூடவருபவர் மறக்காமல் சொல்ல வேண்டும். அளவு மிஞ்சினாலும் ஆபத்து. கசியும் நுரையீரலில் அதுவும் போய்ச் சேரும்.

புறப்படுமுன் காயத்தின்மேல் 20 நிமிடம் பீலித் தண்ணீர் ஓடட்டும். பற்பசை வேண்டாம். மலைக்குளிரில் பிள்ளைகளின் உடம்பு சில்லிட்டுவிடும்; காயம் படாத பகுதியைக் கம்பளியால் போர்த்துங்கள்.

வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாளே, அவர் தேத்தண்ணி கேட்கும்போதே, வரக்கூடியதை வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். வீட்டாரே, மூச்சு வேகமெடுத்தால், அவர் காரணமில்லாமல் அந்தரப்பட்டால், பேச்சுக் குழறினால், உடனே தாதியைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று பொறுத்திருக்காதீர்கள்.