ஒரு கட்டுரைக்கு எத்தனை ரிங்கிட்? ஒப்புக்கொள்ளும் முன் கணக்குப் போடுங்கள்

வீட்டிலிருந்தே வலைப்பதிவு எழுதலாம், கட்டுரைக்கு 40 ரிங்கிட் என்று யாராவது அழைத்தால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

800 சொல் கட்டுரைக்குத் தகவல் திரட்ட 2 மணி நேரம், எழுத 2, திருத்த 1 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 மணி நேரம். மணிக்கு 8 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது, மணிக்கு 8.72 ரிங்கிட். அதைவிடவும் இது குறைவு. அந்தப் பாதுகாப்பும் சம்பளத் தொழிலாளருக்குத்தான், சுயமாக எழுதுவோருக்கு இல்லை.

40 ரிங்கிட் வீதம் 1,700 ஈட்ட மாதம் 43 கட்டுரைகள், அதாவது 215 மணி நேரம் வேண்டும். அதே கட்டுரைக்கு 100 ரிங்கிட் கிடைத்தால் 17 போதும். நாளுக்கு ஒரு நல்ல கட்டுரை என்பதே நியாயமான அளவு. வேலை தேடும் நாளுக்கும் பணத்துக்குக் காத்திருக்கும் நாளுக்கும் கூலி கிடையாது.

ஆகவே சொல் எண்ணிக்கை, எத்தனை முறை திருத்தித் தருவது, பணம் தரும் தேதி ஆகிய மூன்றையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் அழிக்காதீர்கள். முதலாளி பங்களிப்பு இல்லாததால் இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே சேமியுங்கள். சொக்சோவின் சுயதொழில் திட்டத்தையும் விசாரியுங்கள்.

பால்மரம் வெட்டிய நம் பெற்றோருக்கு எடைக்குத்தான் கூலி. மழை பெய்தால் வெட்டு இல்லை. தராசைக் கவனிக்க அவர்கள் தவறியதில்லை. நாமும் தவற வேண்டாம்.