எடை குறைந்தது; அதற்குப் பின்பு?

கர்த்தருக்குள் பிரியமான ஆதரவாளர்களே,

 

2018-ஆம் ஆண்டில் இந்தச் செய்தி மடலில் ஒரு சகோதரியின் சாட்சியை இரண்டு படங்களோடு வெளியிட்டோம். சிலருக்கு அது நினைவிருக்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவர். 2016-இல் அவருடைய எடை 112 கிலோ. சர்க்கரை வியாதி, மூட்டு வலி, இரவில் மூச்சுத் திணறல் எல்லாம் இருந்தன. நகையை அடகு வைத்து, கடனும் வாங்கி, வெளியூரில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டார். ஒன்றரை வருடத்தில் 78 கிலோவாக இறங்கினார். சர்க்கரை மாத்திரையும் நிறுத்தப்பட்டது. ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். நாங்களும் மகிழ்ந்து, முந்தின படத்தையும் பிந்தின படத்தையும் அச்சிட்டோம்.

மூன்றாவது படத்தை நாங்கள் அச்சிடவில்லை. அதைப் பற்றி எழுதுவது எங்கள் கடமை என்று இப்போது உணருகிறோம். சகோதரியின் சம்மதத்தோடு, அவர் கேட்டுக்கொண்டபடி பெயரில்லாமல் எழுதுகிறோம்.

ஏன் வரவில்லை?

2020-க்குப் பின் அவர் மறுபரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சபைக்கும் வருவதில்லை என்று கேள்விப்பட்டோம். 2024-இல் பாதங்கள் மரத்துப்போய், படியேற முடியாத சோர்வோடு எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். எடை 88 கிலோ. சர்க்கரை திரும்பியிருந்தது. இரத்தச் சோகையும் வைட்டமின் பி12 குறைவும் இருந்தன. சத்து மாத்திரைகளை மூன்று வருடமாக அவர் சாப்பிடவில்லை.

"ஏனம்மா இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்டோம்.

"எப்படிங்க ஐயா வர்றது? சபைக்கு முன்னால சாட்சி சொன்னேன். பத்து கிலோ ஏறிப்போச்சு. நான் சொன்னது பொய்ச் சாட்சி ஆயிப்போச்சுங்களே," என்று சொல்லி அழுதார்.

அந்த வார்த்தை எங்களைக் குத்தியது. சாட்சி சொல்லும்படி அவரை அழைத்தவர்கள் நாங்கள். அதே வருடத்தில் பெருந்தீனியைக் குறித்துப் பிரசங்கித்தவர்களும் நாங்களே. அவரோ கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாராம்.

எங்கள் டாக்டர் அவருடைய பழைய சீட்டுகளைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். "112-லிருந்து 88. இன்னும் 24 கிலோ குறைவாகத்தான் இருக்கிறீர்கள். நூற்றுக்கு 21 பங்கு. எட்டு வருடத்துக்குப் பின் இது தோல்வி அல்ல அம்மா. இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலருக்கு இப்படித்தான் இருக்கும்," என்றார். இதை யாரும் அவருக்கு முன்னமே சொல்லவில்லை. ஆகையால் உங்களுக்கும் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஆபரேஷன் என்ன செய்கிறது?

இன்று அதிகமாகச் செய்யப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்லீவ் ஆபரேஷன். இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, மீதி ஒரு குழாய்போல் ஆக்கப்படுகிறது. மற்றொன்று பைபாஸ் ஆபரேஷன். இதில் இரைப்பையின் மேல்பாகத்தைச் சிறு பைபோலப் பிரித்து, சிறுகுடலின் முதற்பகுதியைத் தாண்டி இணைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலுள்ள அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் என்பவர் 1966-இல் இதற்கு வழிகாட்டினார்.

வயிறு சிறிதாவதால் மட்டும் எடை குறைவதில்லை. பசியைத் தூண்டும் சுரப்பு நீர் குறைகிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் சுரப்பு நீர் கூடுகிறது. இதனால்தான் எடை அதிகம் குறையும் முன்பே பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது.

ஆனால் சரீரம் தான் இழந்த எடையைத் திரும்பப் பெறவே முயற்சி செய்யும். மாதங்கள் செல்லச் செல்ல பசி மெதுவாகத் திரும்புகிறது. எடை குறைந்த சரீரம் முன்னைவிடக் குறைந்த உணவிலேயே காலம் தள்ளக் கற்றுக்கொள்கிறது. சிறிய வயிற்றில் ஒரு தட்டுச் சோறு இறங்காது. ஆனால் சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட், மிக்சர், ஐஸ்கிரீம் சுலபமாய் இறங்கிவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குப் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் மெஷின் பக்கத்திலேயே வந்து சேருவது டீயும் போண்டாவும்தானே!

பதினைந்து வருடம் பார்த்தவர்கள் கண்டது

சுவீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்துகொண்ட 2010 பேரையும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 2037 பேரையும் வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் சராசரியாக நூற்றுக்கு 32 பங்கு எடை குறைந்தார்கள். பத்தாம் வருடத்தில் அது 25 பங்காக இருந்தது. அதாவது நூறு கிலோ இருந்தவர் 68-க்கு இறங்கி, பின்பு 75-இல் நின்றார். ஆபரேஷன் செய்யாதவர்களின் எடையோ இத்தனை வருடத்திலும் இரண்டு பங்குக்குமேல் மாறவே இல்லை. (அந்த ஆய்வில் பெரும்பாலோருக்கு நடந்தது இன்று வழக்கில் இல்லாத பழைய வகை ஆபரேஷன். அவர்களுக்குப் பலன் இதைவிடக் குறைவு.)

சர்க்கரை வியாதியிலும் இப்படியே. அதே ஆய்வில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடத்தில் நூற்றுக்கு 72 பேருக்குச் சர்க்கரை விலகியிருந்தது. பதினைந்து வருடத்துக்குப் பின் 30 பேருக்கே அப்படி இருந்தது. ஆபரேஷன் இல்லாதவர்களில் அது ஆறு ஏழு பேருக்கு மட்டுமே. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சிறு இரத்தக் குழாய்களில் வரும் கேடு ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஏறக்குறைய பாதியாயிற்று.

ஆயுளைப் பற்றி 2020-இல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்தவர்கள் செய்யாதவர்களைவிடச் சராசரியாக மூன்று வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனாலும் பொதுமக்களின் ஆயுளைவிட ஐந்தரை வருடம் குறைவாகவே இருந்தது. ஆகவே ஆபரேஷன் பெரிய நன்மை செய்கிறது. வியாதியின் சுவடு முழுவதையும் அழித்துவிடுவதில்லை.

பின்லாந்தில் 240 பேரைப் பத்து வருடம் கவனித்து 2022-இல் எழுதிய ஆய்வில், ஸ்லீவ் செய்தவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 பேருக்கே. எனவே நெஞ்செரிச்சலை அற்பமாக எண்ணக் கூடாது.

ஒரு சபை ஊழியனாக எங்களை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்து 2007-இல் வெளியானது. ஆபரேஷன் செய்தவர்களில் வியாதியால் வரும் மரணங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆனால் விபத்து, தற்கொலை போன்றவற்றால் வந்த மரணங்கள் 58 சதவீதம் கூடுதலாக இருந்தன. சரீரம் இளைத்துவிட்டதால் மனபாரமும் இறங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது. இந்தச் சகோதரி சபையை விட்டு ஒதுங்கியிருந்த நான்கு வருடங்களை எண்ணும்போது எங்கள் உள்ளம் நடுங்குகிறது.

நம் ஊருக்கு இது என்ன?

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். நம்முடைய ஜனங்களுக்கு மேல்நாட்டாரைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. ஆகையால் உலக மருத்துவச் சங்கங்கள் ஆசியருக்கு ஆபரேஷன் அளவைத் தாழ்த்தியிருக்கின்றன. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. ஐந்தடி உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 39. நம் நாட்டில் 2019-இல் வந்த காப்பீட்டு விதியின்படி பி.எம்.ஐ. 40-க்கு மேலும், கட்டுப்படாத சர்க்கரை, இருதய நோய் போன்றவை இருந்தால் 35-க்கு மேலும் ஆபரேஷன் செலவைக் கோரலாம். பாலிசியை முன்னமே படித்துப் பார்ப்பது நல்லது.

2025-இல் எடைக்கான வார ஊசிகளும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. அவையும் நல்ல பலன் தருகின்றன. ஆனால் செமகுளுடைட் ஊசியை நிறுத்தியவர்கள், ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக ஆய்வு சொல்லுகிறது. கத்தியானாலும் ஊசியானாலும் தொடர்ந்த பராமரிப்பு வேண்டும்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உங்கள் வீட்டிலோ சபையிலோ இருந்தால் இவைகளைச் சொல்லுங்கள்:

1. இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவை ஆயுள் முழுவதும் தேவை. வருடத்துக்கு ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

2. வாந்தி நிற்காமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. தையமின் என்னும் பி1 சத்து குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

3. தையல் வேலையில் முதுகு வலிக்கிறதென்று மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் புண் உண்டாகும்.

4. பெண்கள் ஆபரேஷனுக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் தரிக்காதிருப்பது நலம்.

5. மதுபானம் முன்னைவிட வேகமாய் இரத்தத்தில் ஏறும். புதிதாய் அந்த அடிமைத்தனத்தில் விழுந்தவர்களும் உண்டு.

6. எடை கொஞ்சம் ஏறினால் ஒளிந்துகொள்ளாமல், அப்போதே டாக்டரிடம் வர வேண்டும்.

ஒரு கடிதத்துக்குப் பதில்

"ஒரு வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவர் இருக்கையில், அதிகம் சாப்பிட்டவர்களுக்கு எங்கள் காணிக்கையைச் செலவிடலாமா?" என்று ஒரு மூத்த ஆதரவாளர் எழுதியிருந்தார். நேர்மையான கேள்வி. எங்கள் பதில் இது. பருமன் தீனியினால் மட்டும் வருவதல்ல. பெற்றோர் வழி வந்த தன்மை, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்த வேலை, இரவுத் தூக்கம் கெடுவது, மலிவாய்க் கிடைக்கும் மாவும் எண்ணெயும் எல்லாம் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன. காசநோயாளியிடம் ஏன் இருமுகிறாய் என்று நாம் கேட்பதில்லையே. மேலும் எங்களிடம் ஆபரேஷன் செய்யப்படுவதில்லை. அதற்காக உங்கள் காணிக்கை செலவாவதும் இல்லை. ஆபரேஷனுக்குக் கடன்பட்டு, பின்பு மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் வழியில்லாமல் நிற்கிறவர்களையே நாங்கள் தாங்குகிறோம். அந்தத் தாங்குதல் இல்லாவிட்டால் முதலில் செய்த செலவும் வீணாய்ப் போகும்.

யவீருவின் மகளைக் கர்த்தர் உயிரோடு எழுப்பினதை நாம் எல்லாரும் பிரசங்கிக்கிறோம். அதற்குப் பின் அவர் சொன்ன ஒரு சிறு காரியத்தைக் கவனிக்காமல் போகிறோம். அந்தப் பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி அவர் சொன்னார். அற்புதத்தை அவர் செய்தார். அடுத்த வேளைச் சாப்பாட்டை வீட்டாரிடம் ஒப்புவித்தார். டாக்டரின் ஆபரேஷனும் ஒரு நாளில் முடிகிறது. அடுத்த வேளைச் சாப்பாடும், அதற்கு அடுத்த பத்து வருடமும் நம் கையில் இருக்கின்றன.

ஆகையால் சபையாருக்கு ஒரு விண்ணப்பம். ஐக்கிய விருந்தில் அவர்களுடைய இலையைப் பார்த்து எதுவும் பேசாதிருங்கள். இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தவும் வேண்டாம். "இளைத்துவிட்டாயே", "மறுபடியும் பெருத்துவிட்டாயே" என்னும் இரண்டு வார்த்தைகளையும் விட்டுவிடுங்கள். சாட்சி சொல்ல அழைக்கும்போது, எடையைச் சாட்சியாக்காதிருங்கள். நாங்கள் செய்த தவறு அதுவே.

எங்கள் மருத்துவமனையில் இப்போது மாதம் ஒருமுறை ஞாயிறு பிற்பகலில் இவர்களுக்கென்று மறுபரிசோதனை நடக்கிறது. வேலை நாளில் வந்தால் ஒரு ஷிப்ட் சம்பளம் போய்விடும் என்பதால் அந்த நாளைத் தெரிந்துகொண்டோம். எடை பார்க்கிறோம், இரத்தம் பார்க்கிறோம், சத்து மாத்திரை கொடுக்கிறோம், உட்கார்ந்து பேசி ஜெபிக்கிறோம். இதற்காக உங்கள் ஜெபத்தையும், இயன்ற உதவியையும் தாழ்மையுடன் கேட்கிறோம்.

அந்தச் சகோதரிக்கு ஊசி போட்ட பின் பாதத்தின் மரத்த உணர்வு பெரும்பாலும் குறைந்திருக்கிறது. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். எடை 86 கிலோ. ஞாயிறு பரிசோதனையில் புதிதாக வருகிறவர்கள் மேடைபோன்ற அந்த எடை மெஷினில் ஏறத் தயங்கினால், "முதல்ல நான் ஏர்றேனுங்க," என்று சொல்லி அவர்தான் முதலில் ஏறுகிறார். இதுவே எங்கள் மூன்றாவது படம்.

கர்த்தருடைய கிருபை உங்களோடிருப்பதாக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்